புனே நகரத்தின் மகாபௌர்



புனே நகரின் ராஸ்தா பேட்டையில் நெடுநாளாகக் குடியிருக்கும் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விண்ணப்பத்தைக் கையிலேந்தி என் வீட்டிற்கு வந்தார். அவர் தெருவில் குழாய்த் தண்ணீர் பல நாள் சரியாக வருவதில்லை. தமிழில் எழுதிய விண்ணப்பத்தை மராத்தியில் பெயர்த்துத் தரவேண்டும் என்பது அவர் விருப்பம். தாளின் தலைப்பில் 'நகரத் தந்தை அவர்களின் சமுகத்திற்கு' என்று அழகாக எழுதியிருந்தார். மொழிபெயர்ப்பு என் தொழில். அச்சொல்லை 'மகாபௌர்' என்று பெயர்ப்பதில் எனக்குத் தடையேதுமில்லை. ஆயினும், "ஐயா, இதனை மகாபௌருக்கு எழுதுவதைவிடக் கமிஷனருக்கு எழுதுவது முறை. குழாயைத் திறக்கவும் மூடவும் ஆணையிடுகிறவர் அவரே" என்றேன். பெரியவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "குழாய்க்கு ஆணையிட முடியாதவருக்கு அவ்வளவு உயரமான நாற்காலி எதற்குத் தம்பி?" என்று கேட்டார்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. அந்த நாற்காலி எப்படி வந்தது, அதில் அமர்பவரை யார் தேர்கின்றனர், அமர்ந்தவருக்கு என்ன வேலை வகுத்துள்ளனர் என்பதைப் பின்னர் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தேடிப் படித்தேன். பிற மாநிலங்களில் பிழைப்பை நாடி வந்து, அங்கங்கே வீட்டுவரி செலுத்தி வாழும் நம்மவர்க்கு அச்செய்தி பயன்படும் என்று கருதியே இன்று அதனைக் கூறுகிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'மேயர்' என்னும் ஆங்கிலச் சொல் 'பெரியவர்' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லினின்று பிறந்தது. மராத்தியர் வழங்கும் 'மகாபௌர்' விநாயக தாமோதர சாவர்க்கர் ஆக்கிய சொல் என்பர். ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாகப் பல புதுச் சொற்களைப் படைத்து மராத்தியில் உலவவிட்டவர் அவர். புரத்தில் வாழ்பவன் பௌரன். பௌரருள் பெரியவர் மகாபௌர். இச்சொல்லில் ஆட்சியும் இல்லை, ஆணையும் இல்லை. குடிமக்கள் வரிசையில் முன்னே நிற்பவர் என்பதே அதன் பொருள். நாமோ 'நகரத் தந்தை' என்றோம். தந்தை என்றால் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. கேட்டது கொடுக்கும் கடமையும் அவருக்கு உண்டு. பெரியவர் விண்ணப்பத்தை அங்கே கொண்டு செல்ல விரும்பியதில் வியப்பென்ன? பெண்மணிகள் அப்பதவிக்கு வரத் தொடங்கிய பின் அந்தத் தமிழ்ச் சொல் வேறொரு சங்கடத்திலும் சிக்கியது. சென்னையில் 1956-இலேயே தாரா செரியன் அம்மையார் மேயரானார். மகாபௌருக்கு அந்தத் தொல்லை இல்லை.

இந்திய நாட்டில் மேயர் என்னும் பதவி முதன்முதல் தோன்றியது நம் சென்னையில்தான். 1687-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாளிட்ட சாசனத்தின்படி அமைந்த சென்னை மாநகராட்சி, 1688 செப்டம்பர் 29-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரான நதானியல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருடன் அமர்ந்த ஆல்டர்மென் பன்னிருவரில் கம்பெனி ஊழியரும் போர்த்துக்கேசியரும் யூத வணிகரும் இருந்தனர். சின்ன வேங்கடாத்திரி, முத்து வீரண்ணா, அழகாத்தா பிள்ளை என்னும் நம்மவர் மூவரும் இருந்தனர். பட்டு அங்கிகளும் வெள்ளித் தண்டங்களும் குடைகளும் அப்பதவிகளுக்கென வகுக்கப்பட்டன. இவ்வளவு ஆடம்பரம் ஏன்? கம்பெனியின் தலைவராக இருந்த ஜோசையா சைல்டு என்பார் கணக்கறிந்த மனிதர். கோட்டையிலிருந்து ஆள்வோர் வரி விதித்தால் மக்கள் கொடுக்க மறுக்கின்றனர். தம்மவரும் அமர்ந்த சபை விதித்தால் மனமுவந்து கொடுப்பர் என்பது அவர் எண்ணம். குடையும் அங்கியும் வரிக்காக வந்தவை. மக்களும் கணக்கறிந்தவர்களே, வரி எளிதில் வசூலாகவில்லை.

ஆனால் அக்காலத்து மேயர் வெறும் அலங்காரத்திற்கு அமர்ந்தவர் அல்லர். அவரும் ஆல்டர்மென்களும் நீதிமன்றமாகக் கூடி வழக்குகளைத் தீர்த்தனர். மேயர் கோர்ட்டு என்ற பெயர் அதனால் வந்தது. நாற்காலியும் அதிகாரமும் ஒன்றாகவே பிறந்தன. அவை இரண்டும் பிரிந்த இடம் சென்னையுமன்று, புனேயுமன்று, பம்பாய்.

பம்பாய் நகரில் 1865-இல் வந்த சட்டம், நகர நிர்வாகம் முழுவதையும் ஒரே கமிஷனரின் கையில் ஒப்படைத்தது. ஆர்தர் கிராஃபோர்டு என்னும் துரை அப்பதவியில் அமர்ந்தார். சுறுசுறுப்பில் அவருக்கு இணை இல்லை. சாக்கடைகளைத் துப்புரவு செய்தார், சாலைகளை அகலமாக்கினார், இன்றும் மும்பையில் பழைய பெயராலேயே மக்கள் அழைக்கும் கிராஃபோர்டு மார்க்கெட் அவர் காலத்தில் எழுந்தது. பணத்தை மட்டும் அவர் எண்ணிச் செலவிட்டாரில்லை. அவரை மேற்பார்க்க வேண்டிய 'ஜஸ்டிஸ்'களின் சபை அரசினரால் நியமிக்கப்பட்ட பெருந்திரளான கனவான்களைக் கொண்டது. யாருக்கும் விடை சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. கடன் பெருகியது, வரி உயர்ந்தது, 1871-இல் வரி செலுத்துவோர் கொதித்தெழுந்தனர்.

அவ்வாண்டு நடந்த பொதுக்கூட்டம் ஒன்றில் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் எழுந்து, கூட்டத்தார் விரும்பாத கருத்தைத் துணிந்து கூறினார். அவர் பெரோஸ்ஷா மேத்தா. குற்றம் கமிஷனர் மேல் இல்லை, அவரைக் கண்காணிக்க மக்கள் தேர்ந்த சபை இல்லாததே குற்றம் என்றார். நிர்வாகம் ஒருவர் கையிலேயே இருக்கட்டும். ஆயின் பணத்தை அனுமதிக்கவும் கணக்குக் கேட்கவும் தேர்தல் மூலம் அமைந்த சபை வேண்டும் என்பது அவர் வாதம். கூச்சலும் எதிர்ப்பும் எழுந்தன. ஆயினும் 1872-இல் இயற்றப்பட்ட சட்டம் பெரும்பாலும் அவ்வழியே சென்றது. அறுபத்துநான்கு உறுப்பினரில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தனர். 1888-இல் வந்த பம்பாய் மாநகராட்சிச் சட்டம் அதனையே செப்பனிட்டது; அச்சட்டம் உருவானதில் மேத்தாவின் பங்கு பெரிது.

இவ்வாறு ஓர் அமைப்பு நிலைபெற்றது. செயலாற்றுபவர் அரசு அனுப்பும் கமிஷனர். பணத்திற்குக் காவல் நிலைக்குழு. கொள்கை வகுப்பதும் கேள்வி கேட்பதும் பெருமன்றம். பெருமன்றத்தைக் கூட்டித் தலைமை தாங்க ஒருவர் வேண்டுமல்லவா? அவர்தாம் தலைவர். 1931-இல் பம்பாயில் அத்தலைவருக்கு மேயர் என்று பெயர் சூட்டினர். பெயர் புதிது, வேலை பழையது. ஒருவரிடம் எல்லா அதிகாரமும் குவிந்தால் என்ன ஆகும் என்று கிராஃபோர்டு காலத்தில் பட்ட அனுபவத்தின் அச்சம் அவ்வமைப்பில் இருந்தது. இந்தியர் கையில் நிர்வாகத்தை ஒப்புவிக்க வெள்ளையர் அரசு கொண்ட தயக்கமும் இருந்தது. முன்னது நியாயமான அச்சம் என்பது என் எண்ணம். பின்னது நாடு விடுதலை பெற்ற பின்னும் சட்டத்தை விட்டு நீங்காமல் தங்கிவிட்டது.

கல்கத்தாவில் வேறு வழி கண்டனர் என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். சுரேந்திரநாத பானர்ஜி கொண்டுவந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1924-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் அங்கே முதல் மேயரானார். தலைமை நிர்வாக அலுவலரை மாநகராட்சியே தெரிந்தெடுத்தது. அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டவர் சுபாஷ் சந்திர போஸ். அவருக்கு அப்போது வயது இருபத்தேழு. மேயரும் அலுவலரும் ஒரே நோக்கினர் என்பதால் அங்கே நாற்காலிக்கும் செயலுக்கும் இடையே தூரம் இல்லை.

இனிப் புனேக்கு வருவோம். பூனா என்று நம் பெற்றோர் காலத்தில் வழங்கிய இந்நகரில் நகராண்மைக் கழகம் 1858-இல் ஏற்பட்டது. தொடக்கத்தில் உறுப்பினர் யாவரும் அரசின் நியமனம். மகாத்மா ஜோதிராவ் ஃபுலே அவர்கள் 1876 முதல் 1882 வரை அதில் உறுப்பினராக இருந்தார். லிட்டன் பிரபுவின் வருகையையொட்டி நகரை அலங்கரிக்க ஆயிரம் ரூபாய் செலவிடக் கழகத்தார் முற்பட்டனர். அத்தொகையை ஏழைப் பிள்ளைகளின் கல்விக்குச் செலவிடலாம் என்றார் ஃபுலே. வாக்கெடுப்பில் அவர் தனியாக நின்றார். நகரசபை என்பது வரவேற்பு வளைவு கட்டுவதற்கா, பள்ளிக்கூடம் கட்டுவதற்கா என்னும் வழக்கு இந்நகரில் அவ்வளவு பழையது. அவர் தோற்ற அந்த வாக்கெடுப்பை இங்கே இன்னும் நினைவுகூர்கின்றனர். வென்றவர் பெயர்களை யாரும் கேட்பதில்லை.

1882 மே 18-ஆம் நாள் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம், ஸ்தல ஸ்தாபனங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பெரும்பாலராக இருத்தல் வேண்டும், இயன்ற இடங்களில் தலைவரும் அரசு அலுவலரல்லாதவராக இருத்தல் வேண்டும் என்று கூறியது. அதன்பின் புனேயின் கழகத்திற்கு வந்தவர் வரிசை சிறியதன்று. லோகமான்ய திலகர் 1895-இல் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோபால கிருஷ்ண கோகலே இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கழகத்தின் தலைவராகவே வீற்றிருந்தார். பேரரசின் வரவு செலவுக் கணக்கைச் சட்டசபையில் அலசிய அதே கோகலே, தம் ஊரின் குப்பை வண்டிக் கணக்கையும் மேற்பார்த்தார் என்பதை எண்ணும்போது எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டாகும். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் எழுப்பிய விச்ராம்பாக் வாடா என்னும் மர மாளிகையில் கழக அலுவலகம் நெடுங்காலம் இயங்கியது. இன்றும் அம்மாளிகையின் முகப்பைப் பார்த்துவிட்டு வரலாம்.

1949-இல் பம்பாய் மாகாண மாநகராட்சிச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1950 பிப்ரவரி 15-ஆம் நாள் புனே மாநகராட்சியாயிற்று. 1952-இல் தேர்தல் நடந்து, பாபுராவ் ஸணஸ் முதல் மகாபௌரானார். சாரஸ் பாக் தோட்டத்தின் அருகிலுள்ள விளையாட்டு மைதானம் அவர் பெயரைத் தாங்குகிறது. ஊரார் மகிழ்ந்தனர், மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அம்மகிழ்ச்சியின் அடியில் ஒரு மாற்றம் நிகழ்ந்ததை அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். நகராண்மைக் கழகத்தின் தலைவருக்கு நிர்வாகத்தை மேற்பார்க்கும் கடமை சட்டத்திலேயே இருந்தது. தலைமை அலுவலரும் கழகத்தின் ஊழியர். மாநகராட்சியில் அப்படியன்று. பம்பாய் வழக்கப்படி கமிஷனர் அரசால் அனுப்பப்பட்டார்; நிர்வாக அதிகாரம் அவரிடம் சேர்ந்தது. ஊரின் பட்டம் உயர்ந்தது, தலைவரின் பட்டமும் உயர்ந்தது, கை மட்டும் சுருங்கியது.

அச்சட்டத்தின் தொடக்கத்தில், சட்டத்தை நடத்தும் பொறுப்புடைய அதிகார பீடங்கள் இன்னின்னவை என்று ஒரு பட்டியல் உண்டு. பெருமன்றம் அதில் இருக்கிறது, நிலைக்குழு இருக்கிறது, கமிஷனர் இருக்கிறார். மகாபௌர் இல்லை. அதிகாரமுள்ளோர் பட்டியலில் பெயரில்லாத ஒருவரை ஊரின் தலைமை நாற்காலியில் அமர்த்தி மாலை சூட்டுகிறோம். மொழிபெயர்ப்பாளன் கண்ணுக்கு விடுபட்ட சொல் முதலில் தென்படும். இது தற்செயலான விடுபாடு அன்று.

அவரைத் தெரிந்தெடுக்கும் முறையைக் கூறுவேன். வாக்காளர் நேராக மகாபௌரைத் தேர்வதில்லை. பொதுத் தேர்தல் முடிந்தபின் கூடும் முதல் கூட்டத்தில் உறுப்பினர்கள் தம்முள் ஒருவரை மகாபௌராகவும் மற்றொருவரை உபமகாபௌராகவும் தேர்கின்றனர். தொடக்கத்தில் பதவிக்காலம் ஓராண்டே. ஓராண்டில் ஒரு மனிதர் கோப்புகளின் பெயரைக் கற்பதற்குள் விடைபெறும் நாள் வந்துவிடும். பின்னர் அதனை இரண்டரை ஆண்டாக்கினர். கட்சியினர் அதனையும் இரு கூறாக்கித் தம்மவருள் பங்கிட்டுக்கொண்டதுண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மகளிர் ஆகியோருக்கு இடஒதுக்கீடு உண்டு. எந்த நகரில் எந்தப் பிரிவினருக்கு என்பதை மாநில அரசு சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறது. பழைய உத்தரமேரூர்க் குடவோலையை நினைவூட்டும் காட்சி அது. ஆனால் உத்தரமேரூரில் குடத்தினின்று எடுத்தது ஆளின் பெயர். இங்கே எடுப்பது பிரிவின் பெயர். ஆளைக் கட்சி எடுக்கிறது.

அமர்ந்தபின் அவர் செய்வன யாவை? பெருமன்றக் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குகிறார். ஒழுங்கு மீறும் உறுப்பினரை வெளியேறச் சொல்லலாம். வாக்குகள் சமமானால் தம் வாக்கால் முடிவு காண்கிறார். ஊருக்கு வரும் பெரியோரை வரவேற்கிறார். ஆடி மாதத்தை ஒட்டி ஞானேசுவரர், துக்காராம் பல்லக்குகள் பண்டரிபுரம் செல்லும் வழியில் புனேக்குள் நுழையும்போது ஊரின் சார்பில் எதிர்கொள்பவர் மகாபௌர். கணபதி விசர்ஜன ஊர்வலம் மண்டையில் தொடங்கும்போதும் அவரைக் காணலாம். பல்லாயிரவர் கால்நடையாக வரும் அந்தப் பல்லக்கின் முன் நகரத்தார் அனைவர்க்கும் பதிலாக ஒருவர் வணங்கி நிற்பதைக் கண்டவர், சடங்கு என்று அதனை இலேசாகப் பேசமாட்டார். பணத்தின் திறவுகோல் மட்டும் பதினாறு பேர் கொண்ட நிலைக்குழுவிடம் இருக்கிறது. ஒப்பந்தங்களும் வரவு செலவுத் திட்டமும் அக்குழுவின் வழியாகவே செல்லவேண்டும். அதனால் மகாபௌர் பதவியைக் காட்டிலும் நிலைக்குழுத் தலைவர் பதவியை நாடும் உறுப்பினர் உண்டு என்பது இங்கே எல்லோரும் அறிந்த செய்தி.

இப்படிச் சுருக்கப்பட்ட நாற்காலியில் அமர்ந்தும் அதனைப் பெரிதாக்கியவர் சிலர் உளர். கோவா விடுதலைக்குப் போராடிய நா. க. கோரே 1967-68-இல் இங்கே மகாபௌராக இருந்தார். பின்னாளில் இலண்டனில் இந்தியத் தூதரானார். சமதர்மக் கட்சியினரான பாயி வைத்யா 1974-75-இல் மகாபௌர். நெருக்கடி நிலையை எதிர்த்துச் சிறை புகுந்தார். 2009-இல் சீக்கியரான மோகன்சிங் ராஜ்பால் அமர்ந்தார். மராத்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாத குடும்பத்தவர்க்கும் புனேயில் அந்நாற்காலி எட்டாததன்று என்பதை நம்மவர் குறித்துக்கொள்ளலாம். 2017-இல் லோகமான்ய திலகரின் குடும்பத்து மருமகளான முக்தா திலக் அம்மையார் அமர்ந்தார்.

ஆயினும் அதிகாரமற்ற நாற்காலியால் என்ன இயலும் என்பதற்கு நான் காட்டும் சான்று சென்னையிலிருந்தே. அங்கும் அமைப்பு ஏறக்குறைய இதுவே. அரசு அனுப்பும் கமிஷனரும், சபை தேரும் தலைவரும். பிட்டி தியாகராயச் செட்டியார் 1919-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரானார். 1933-இல் அப்பதவிக்கு மேயர் என்ற பெயர் மீண்டபோது ராஜா சர் முத்தையா செட்டியார் அமர்ந்தார். 1939-இல் சத்தியமூர்த்தி மேயரானார். உலகப் போர் தொடங்கிவிட்டது. இரும்புக்கும் சிமென்டுக்கும் பஞ்சம். நகரமோ குடிநீரின்றித் தவித்தது. பூண்டியில் கொற்றலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டவேண்டும் என்று அவர் விடாமல் வாதாடினார். அவரால் ஒரு மூட்டை சிமென்டுக்கும் ஆணையிட முடியாது. ஆனால் மேயர் கேட்கும்போது கவர்னரும் காது கொடுக்கவேண்டியிருந்தது. 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-இல் நீர்த்தேக்கம் நிறைவுற்றது. 1943 மார்ச்சிலேயே அவர் மறைந்துவிட்டார். சத்தியமூர்த்தி சாகரம் என்ற பெயரில் அந்நீர் இன்றும் நிற்கிறது. கும்பகோணத்துப் பெரியவரின் கேள்விக்கு ஒரு பாதி விடை அங்கே இருக்கிறது: அவர் கேட்டதும் தண்ணீர்தானே?

ஆனால் எல்லா நகரங்களுக்கும் எல்லா ஆண்டிலும் ஒரு சத்தியமூர்த்தி கிடைக்கமாட்டார். 1961 ஜூலை 12-ஆம் நாள் பான்ஷேத் அணை உடைந்து, அதன் நீரைத் தாங்காமல் கடக்வாஸ்லா அணையும் உடைந்து, முட்டா ஆறு புனேயின் பழைய பேட்டைகளை மூழ்கடித்தது. நகரைச் சீரமைக்க அரசு அனுப்பியவர் எஸ். ஜி. பர்வே என்னும் சிவில் சர்வீஸ் அதிகாரி. அவருடைய உழைப்பை மக்கள் மறக்கவில்லை. மறு ஆண்டே அவர் பதவியைத் துறந்து தேர்தலில் நின்றபோது சிவாஜிநகர் தொகுதி அவரைச் சட்டசபைக்கு அனுப்பிற்று. இடர் வந்தால் விரைந்து செயலாற்றும் ஒரு கை வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. கமிஷனர் முறையை வெறுமே பழிப்பவர்க்கு நான் அதனை நினைவூட்டுவதுண்டு.

நாற்காலிக்குக் கை கொடுத்துப் பார்த்த சோதனைகளும் நடந்துள்ளன. 1998-இல் மகாராஷ்டிர அரசு மும்பையிலும் நாகபுரியிலும் மேயரும் அவர் தேர்ந்த குழுவும் மந்திரிசபை போன்று நிர்வாகம் நடத்தும் முறையைக் கொண்டுவந்தது, 1999-இல் கைவிட்டது. ஓராண்டில் ஒரு மரம் காய்க்கவில்லை என்று வெட்டியதைப் போன்றது அது. தமிழ்நாட்டில் 1996-இல் மேயரை வாக்காளரே நேராகத் தேர்ந்தனர், சென்னையில் மு. க. ஸ்டாலின் வென்றார். பின்னர் மறைமுகத் தேர்தல் வந்தது. 2011-இல் மீண்டும் நேர்முகம். 2022-இல் மீண்டும் மறைமுகம். நேர்முகமாகத் தேர்ந்தபோதும் கமிஷனரின் அதிகாரம் குறையவில்லை. மாநகரத்தார் முழுவதும் வாக்களித்து அமர்த்திய ஒருவருக்குக் கோப்பில் கையெழுத்திடும் உரிமை இல்லையெனில், அவர் அரசியலில் பெரியவராகலாம், நிர்வாகத்தில் ஆகமாட்டார். 1993-இல் நடைமுறைக்கு வந்த எழுபத்துநான்காம் அரசியலமைப்புத் திருத்தமும், தலைவரைத் தேரும் முறையை அந்தந்த மாநிலச் சட்டசபைக்கே விட்டுவிட்டது.

புனேயில் வாழும் தமிழர் அனைவர்க்கும் மகாபௌர் உண்டு என்று எண்ணவும் கூடாது. கிர்க்கியிலும் புனே கன்டோன்மென்டிலும் தலைமுறைகளாக வாழ்வோர் கன்டோன்மென்டு போர்டின் ஆட்சியில் உள்ளனர். அங்கே தலைவரைத் தேர்வதென்பதே இல்லை; அந்நிலையத்தின் படைத்தலைவர் பதவி வழியாகத் தலைவராகிறார். மக்கள் தேர்ந்த உறுப்பினர்கள் இருக்கும் காலத்தில் அவர்களுள் ஒருவர் உபதலைவராகலாம்; அவ்வளவே. சாலைக்கு இப்புறம் மகாபௌர், அப்புறம் பிரிகேடியர்.

இந்நாற்காலியின் மதிப்பு எனக்கு உண்மையில் விளங்கியது, அது காலியாக இருந்தபோதுதான். 2022 மார்ச்சில் புனே பெருமன்றத்தின் காலம் முடிந்தது. வார்டு எல்லைகள், பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீடு ஆகியவை பற்றிய வழக்குகளால் தேர்தல் தள்ளிப்போயிற்று. கமிஷனரே நிர்வாகியானார். பெருமன்றத்தின் அதிகாரமும் நிலைக்குழுவின் அதிகாரமும் அவரிடமே சேர்ந்தன. வரவு செலவுத் திட்டத்தை அவரே வகுத்து அவரே ஏற்றுக்கொண்டார். உச்சநீதிமன்றம் காலவரையறை விதித்தபின், 2026 ஜனவரி 15-ஆம் நாள் 165 உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்குப்பதிவு நடைபெற்றது. இடையில் கழிந்தவை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். அக்காலத்தில் குப்பை எடுத்தனர், சாலை போட்டனர், ஊர் நின்றுவிடவில்லை. நின்றது வேறொன்று.

அது என்னவென்று கூறி முடிக்கிறேன். பெருமன்றம் இருந்த நாளில் ஒருமுறை பார்வையாளர் இருக்கையில் அமர்ந்து கூட்டத்தைக் கண்டேன். உயர்ந்த மேடையில் மகாபௌர். பக்கத்தில் கமிஷனரும் இலாகா அதிகாரிகளும். ஓர் உறுப்பினர் எழுந்து, தம் வார்டில் தண்ணீர் வருவதில்லை என்று உரத்த குரலில் கூறினார். அவரைத் தொடர்ந்து நால்வர் எழுந்தனர். கூச்சல் மிகுந்தது. மகாபௌர் கையை உயர்த்தி, எல்லோரையும் அமரச் செய்து, அதிகாரிகள் பக்கம் திரும்பி, "நிர்வாகம் விளக்கம் தரவேண்டும்" என்று மராத்தியில் ஒரு வாக்கியம் சொன்னார். ஒரு பொறியாளர் தாள்களுடன் எழுந்தார். எந்தக் குழாய், எந்தத் தொட்டி, எத்தனை நாளாக என்று சபையோர் முன்னிலையில், பத்திரிகையாளர் கேட்க, விடை சொல்லத் தொடங்கினார். விடை சரியில்லை என்று உறுப்பினர் மீண்டும் எழுந்தார். மகாபௌர் பொறியாளரை உட்காரவிடவில்லை.

பெரியவரின் விண்ணப்பத்தை அன்று நான் இரண்டு படிகளாகவே பெயர்த்திருந்தேன். ஒன்று கமிஷனருக்கு. மற்றொன்றின் தலைப்பில், அவர் விரும்பியபடியே, மகாபௌர் என்று எழுதினேன். அதனை நேரே அனுப்ப வேண்டாம், தம் வார்டு உறுப்பினரின் கையில் கொடுக்குமாறு சொல்லியனுப்பினேன்.